இறுப்பிட்டியில் ஓர் ஏழை நியமனம்

ஆவணி பிறந்த முதற் கிழமையிலே இறுப்பிட்டி ஏரம்பு ஏழையாக நியமிக்கப்பட்டார்.

நியமனத்தை அறிவிக்க நேரில் வந்தவர் கிராம அதிகாரியான விதானையார் ஆழ்வாப்பிள்ளை. ஏரம்பு அவ்வேளை தமது ஓட்டு வீட்டு விறாந்தையிலே சாய்வுக் கதிரையிற் கிடந்து, பனங்கட்டியை ஒரு கடி கடிப்பதும் தேநீரை ஒரு மிடறு பருகுவதுமாக, உலகத்தோடு யாதொரு வழக்குமின்றி இருந்தார்.

“ஏரம்பர், உமக்கு ஒரு கௌரவம் வந்திருக்கு,” என்றார் விதானையார். “வாற கிழமை முழுக்க நீர்தான் எங்கட ஊரின்ரை ஏழை.”

ஏரம்பு எழுந்து உட்கார்ந்தார். “நானோ? நான் என்ன பிழை செய்தனான்?”

“பிழை ஒண்டுமில்லைக் காணும். பட்டினத்துத் தீமோத்தேயுக் கல்லூரிப் பொடியள் விடுமுறைக்குத் தொண்டு செய்ய வருகினம். தொண்டு செய்யிறதுக்கு ஒரு ஏழை வேணுமெல்லே? போன முறை பக்கத்து ஊர் குடுத்தது. இந்த முறை நாங்கள் குடுக்க வேணும்.”

“கரையிலை செபஸ்தியம்மா இருக்கிறாவே. அவவின்ரை கொட்டில் வருசம் முழுக்க ஒழுகுது.”

“அவவைத்தான் முதல் காட்டினனான். கல்லூரி ஒத்துக்கொள்ளேல்லை.”

கல்லூரி ஒத்துக்கொள்ளாமைக்குக் காரணம் இருந்தது. பரிசுத்த தீமோத்தேயு கல்லூரியின் விடுமுறைத் தொண்டர் ஐக்கியம் சாமானியமான சங்கமன்று. அதற்கு ஒரு கொடி உண்டு. கொடிக்கு ஒரு வணக்கம் உண்டு. வணக்கத்துக்கு ஒரு மாதப் பயிற்சி உண்டு. செயலாளன், உப செயலாளன், கொடி காப்போன், மணி அடிப்போன் என்று பதவிகள் பல உண்டு. பதவி ஏதுமில்லாத மாணவன் ஒருவன் மிஞ்சியபோது, ஐக்கியத்தின் மானங் கருதி, அவனையும் சாதாரண தொண்டர்களின் தலைவனாக்கினார்கள். இத்தகைய ஐக்கியம் கண்ட ஏழைக்கெல்லாம் தொண்டு செய்துவிட முடியுமா? ஏழையானவர் பஸ் போகும் வீதியோரத்தில் வசித்தல் வேண்டும். அவரது கிணறு நன்னீர்க் கிணறாய் இருத்தல் வேண்டும், தொண்டர்கள் குளிப்பவர்கள். வளவிலே நிழல்மரமும், மாலையிற் பந்தடிக்கச் சமதரையும், காப்பாளர் துயில்வதற்குப் பூட்டுள்ள அறையும் இருத்தல் அவசியம். செபஸ்தியம்மாவின் கொட்டிலை நேரிற் பார்வையிட்ட ஐக்கியக் காப்பாளர் யாக்கோப்பு மாஸ்ரர், உவர்நீரைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, மிக்க துயரத்தோடு தீர்ப்புரைத்தார்: “இவ்வம்மையாரின் வறுமை உண்மையானதுதான், ஆயினும் வசதியற்றது.”

இறுப்பிட்டி அமைந்த தீவின் அப்பகுதியிலே வசதியான வறுமைக்கு ஏற்ற வளவு ஏரம்புவினது ஒன்றே.

“விதானையார், சனிக்கிழமை அனலைதீவிலையிருந்து பூஷணியைப் பொம்பிளை பார்க்க வருகினம்,” என்றார் ஏரம்பு. வந்த சம்பந்தங்களை எல்லாம் ஒரு தலையசைப்பிலே கலைத்துவந்த மகள் நாகபூஷணி, இந்த அனலைதீவு மாப்பிள்ளை சோமநாதனின் படத்தை மட்டும் இரண்டாம் முறையும் வாங்கிப் பார்த்து, “ஓம் அப்பா” என்று சொல்லியிருந்தாள். அந்த ஒற்றைச் சொல்லுக்காக ஏரம்பு நயினை அம்மனுக்கு நேர்த்தி வைத்து, வீட்டுக்கு வெள்ளையடித்து, வீதிப்பக்கத்து வேலியையும் புத்தம்புதுப் பனையோலையால் அடைப்பித்திருந்தார்.

“பொடியள் வெள்ளி பின்னேரம் போயிடுவினம். நீர் ஒண்டும் செய்யத் தேவையில்லை. சும்மா ஏழையாய் இருந்தால் காணும்,” என்று சொல்லி விதானையார் சைக்கிளில் ஏறினார்.

திங்கட்கிழமை காலை கல்லூரி பஸ் வந்து நின்றது. முதலிற் கொடி இறங்கியது. பின் மணி இறங்கியது. பின் தொண்டர்கள் இறங்கி, நிரல்பட நின்று, கல்லூரித் தமிழ்ப் பண்டிதர் இதற்கென்றே யாத்த பணிக்கீதத்தைப் பாடினார்கள்:

ஏழையைத் தேடி வந்தோம் – திரைகடற்
றாழைசூழ் தீவு வந்தோம்;
வாழையும் தெங்கும் கண்டோம் – வருந்திடும்
ஏழையைக் காட்டுமினே!

விருந்தினர் வருகிறார்களே என்று பட்டு வேட்டியும் சால்வையுமாக வாசற் படலையிலே கைகூப்பி நின்ற ஏரம்புவைக் கடந்து யாக்கோப்பு மாஸ்ரர் உள்ளே போனார், வளவெங்கும் நோக்கினார், திரும்பி வந்தார்.

“ஏழை எங்கே?”

“நான்தான்,” என்றார் ஏரம்பு நாணத்தோடு.

மாஸ்ரர் அவரை மேலுங் கீழும் பார்த்தார். மெய்யன்பர்களை உலகம் ஏமாற்றும்போது தோன்றும் வாட்டம் அவர் முகத்திலே தோன்றியது. “சால்வையைக் கழற்றும்,” என்றார்.

பின்னர் ஐக்கியத்தின் செயற்குழு வேப்பமரத்தடியிலே கூடியது. ஓட்டு வீடு, வேய்வதற்கு இடமில்லை. கிணறு திறம், இறைத்துச் சுத்தமாக்க வேண்டிய தேவையில்லை. வெள்ளை அடித்து மணங்கூட மாறவில்லை. தொண்டு செய்ய வந்தோர் தொண்டுக்கு இடமின்றி நிற்பது எத்துணைப் பெரிய அவலம்! அவ்வேளை செயலாளன் ஜெபரத்தினத்தின் பார்வை வேலியிலே பட்டது.

“ஐயா, அது இப்பத்தான் அடைச்ச வேலி,” என்றார் ஏரம்பு பதறி.

“அதுவே நல்லது,” என்றார் மாஸ்ரர். “பழைய வேலியைப் பிரித்தால் ஓலை நொறுங்கிவிடும். புதிய வேலியைப் பிரித்து மறுபடியும் கட்டினால், ஏழைக்குச் செலவில்லை, மாணவருக்குப் பயிற்சி. சேவை என்பது பெறுகிறவனுடைய தேவையைப் பார்த்துச் செய்வதல்ல, ஐயா. செய்கிறவனுடைய உள்ளத்தைப் பார்த்துச் செய்வது.”

மணி அடித்தது. மத்தியானத்துக்குள் வேலி விழுந்தது.

தீவகத்திலே ஒரு வழக்கமுண்டு. ஒருவன் வளவுக்கு வேலியடைக்கவோ கூரை வேயவோ கைகொடுக்க வந்தவர் எவராயினும், அவருக்கு அந்த வீட்டார் வயிறாரச் சோறு போடவேண்டும். கூலிக்கு வந்தவன் என்றும் இல்லை, இனத்தவன் என்றும் இல்லை. ஓலையைத் தொட்டவன் விருந்தாளி. ஐக்கியத்தாரோ ஏழைக்குச் சுமையாகலாகாது என்ற உயர்ந்த கொள்கையினாலே பாணும் ஜாமும் கொண்டுவந்திருந்தார்கள். தன் வளவிலே ஓலை பிடித்த பிள்ளைகள் நிழலில் இருந்து வறட்டுப் பாணைக் கடிப்பதை, ஏரம்புவின் மனைவி அன்னபூரணம் குசினி யன்னலால் ஒரு கணம் பார்த்தாள். மறுகணம் பெரிய பானை அடுப்பில் ஏறியது.

“இஞ்சருங்கோ, கரைக்கு ஓடிப்போய் நண்டும் திருக்கையும் வாங்கிக்கொண்டு வாங்கோ. கூழ் காய்ச்சப் போறன்.”

“அன்னம், நாங்கள் ஏழையள்.”

“ஏழையெண்டால்? வந்த பிள்ளையளைப் பட்டினி போடுறதோ?”

பனங்கிழங்கு மாவிற் காய்ச்சிய ஒடியற் கூழின் மணம் வளவைச் சூழ்ந்ததும் பணிக்கீதம் பாதியில் நின்றது. தொண்டர்கள் பலாவிலையைக் கோலிக்கொண்டு நிரல்பட அமர்ந்தார்கள். செயலாளன் ஜெபரத்தினம் நாலாம் முறையும் இலையை நீட்டி, “அக்கா, அடியிலை இன்னும் கொஞ்சம் கிடக்கோ?” என்றான். ஏழைகள் மனமுவந்து தருவதை மறுப்பது அவர்களை அவமதிப்பதாகும் என்று மாஸ்ரர் அன்றே ஒரு புதிய கொள்கை வகுத்தார். அக்கொள்கை காலையிற் பிட்டாகவும், மத்தியானம் சோறாகவும், மாலையிற் பனங்காய்ப் பணியாரமாகவும் அக்கிழமை முழுவதும் வழுவாது கடைப்பிடிக்கப்பட்டது.

அன்னபூரணத்துக்குக் கைகொடுக்கச் செபஸ்தியம்மா கரையிலிருந்து வந்தாள். தேங்காயைத் துருவிக்கொண்டே, “ஏன் அண்ணை, ஏழையாயிருக்கிறது எப்பிடி இருக்கு?” என்று ஏரம்புவைக் கேட்டாள்.

“என்னாலை ஏலாது பிள்ளை. நீ எப்பிடித்தான் இவ்வளவு காலமும் சமாளிச்சாயோ!”

“எனக்கென்ன? என்னட்டை ஒருத்தரும் உதவி செய்ய வாறேல்லை. அதாலை தப்பினன்.”

செவ்வாய்க்கிழமை தொண்டர்கள் வேலியைத் திரும்பக் கட்டினார்கள். ஓலையின் அடிப்புறம் எது, நுனிப்புறம் எது என்ற ஆராய்ச்சி வகுப்பிலே இடம்பெறாமையால், வேலி தலைகீழாக எழுந்தது. பின்னேரம் சோளகக் காற்று ஒருமுறை மூச்சுவிட்டது. வேலி வீதியிலே படுத்துக்கொண்டது. புதன்கிழமை மழை தூறியதால் உள்ளரங்கத் தொண்டு என்று முதலுதவிப் பயிற்சி நடந்தது. ஏரம்புவின் நலமாயிருந்த வலது காலுக்கு மூன்று பேர் கட்டுப் போட்டார்கள். அதை அவிழ்க்கும் பாடம் அடுத்த தவணைக்குரியது என்று பின்னர் தெரியவந்தது. அடுத்த நாள் உப செயலாளன் அன்னபூரணத்தை அடுப்படியிலிருந்து அழைத்துவந்து, குடும்பப் பெண்கள் ஓய்வு எடுப்பதன் அவசியத்தைப் பற்றி நெடுநேரம் விரிவுரை ஆற்றினான். அதற்குள் மீன்குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

இவற்றையெல்லாம் பெரிய உள்ளத்தோடு பொறுத்துக்கொண்ட ஏரம்பு, வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் நிலைகுலைந்தார். விழாவுக்கு வரவேண்டிய கல்லூரி அதிபருக்குச் சனிக்கிழமை தவிர வேறு நாள் தோதில்லையாம். ஆகவே நிறைவு விழா சனிக்கிழமை காலை.

“ஐயா, நாளைக்கு என்ரை மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகினம்! வேலியில்லாத வளவைக் கண்டால் என்ன நினைப்பினம்? ஆகக் குறைஞ்சது வேலியையாவது கட்டித் தாங்கோ.”

மாஸ்ரர் அவர் தோளிலே கைவைத்தார். “ஏழையின் வாழ்விலே இடையூறு வருவது இயல்பு. ஆறுதல் அடையும். அதைப் பற்றியும் நாளைக்கு ஒரு கீதம் இருக்கிறது.”

அன்று மத்தியானம் ஜெபரத்தினமும் இன்னும் நாலு பேரும், வள்ளத்தில் வந்து செபஸ்தியம்மாவின் கொட்டிலில் இறக்கப்பட்டிருந்த தேங்காய் மூட்டையைச் சுமந்துவரப் போனார்கள். போனவர்கள் கூரையின் வழியே வானத்தைக் கண்டார்கள். திரும்பி வந்த ஜெபரத்தினம் ஏரம்புவிடம் தயங்கித் தயங்கி வந்தான்.

“ஐயா, உங்கட வேலி ஓலையைக் கேக்கிறன் எண்டு கோவியாதேங்கோ. அவவின்ரை கூரைக்குப் போட்டால் மாரிக்கு ஒழுகாது. ஆனால் எடுத்தால் உங்கட வேலிக்கு ஓலை காணாது.”

ஏரம்பு வீதியைப் பார்த்தார். வேலியிருந்த இடத்திலே வீதியிற் போகிறவர்கள் எல்லாம் அவருடைய குசினியைப் பார்த்துக்கொண்டு போனார்கள். மகளைப் பார்த்தார். நாகபூஷணி அம்மியடியிலிருந்து நிமிர்ந்தாள்.

“குடுங்கோ அப்பா. வேலியைப் பார்த்துச் சம்பந்தம் செய்யிறவை வேலியோடை குடும்பம் நடத்தட்டும்.”

“எடுத்துக்கொண்டு போ தம்பி,” என்றார் ஏரம்பு. சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சுவாமிப்படத்தின் முன்னே சற்றுநேரம் நின்றார்.

அப்பிள்ளைகள் கொடியின்றி, மணியின்றி, கீதமின்றிக் கூரையில் ஏறினார்கள். கீழே செபஸ்தியம்மா கையில் ஒரு தடியோடு நின்று, “டேய், நுனியைக் கீழை விடு! வேலியிலை செய்த வேலையை என்ரை தலைக்கு மேலை செய்யாதை!” என்று பணித்தாள். பொழுது சாயுமுன் கூரை ஒழுங்காக வேயப்பட்டது. விண்ணிலிருந்து பார்ப்பவர் பார்த்திருப்பார். ஆயின் காப்பாளரும் பார்த்துவிட்டார். நிகழ்ச்சி நிரலில் இல்லாத தொண்டைச் செய்த குற்றத்துக்காக அவர்கள் ஐவரும் நிறைவு விழாவிலே மேடைக்குப் பின்னால் நிற்கவேண்டும் என்று தண்டனை விதிக்கப்பட்டது.

சனிக்கிழமை விடிந்தது. வேலியிருந்த வெளியிலே, “ஏழையின் இல்லம் – தீமோத்தேயு கல்லூரித் தொண்டர்களால் உய்விக்கப்பட்டது” என்ற பலகை நாட்டப்பட்டிருந்தது. அதிபர் வந்தார், மாலை சூட்டப்பெற்றார், மீன்குழம்போடு பிட்டு உண்டார், பேச எழுந்தார்.

“அன்பானவர்களே! நான் பல ஊர்களின் வறுமையைப் பார்த்திருக்கிறேன். இங்கே கிடைத்த மீன்குழம்பைப் போல வேறெங்கும் கிடைக்கவில்லை. நமது ஐக்கியம் தொடங்கி இருபது ஆண்டுகள் ஆகின்றன. தொடங்கிய அன்று இத்தீவுகளிலே எத்தனை ஏழைகள் இருந்தார்களோ, அத்தனை பேரும் இன்றும் இருக்கிறார்கள் என்பதை நான் பெருமையோடு சொல்லுவேன். ஒருவரையேனும் நாம் இழந்துவிடவில்லை! ஏழைகள் இல்லாத ஒரு காலம் வருமானால் நம்முடைய மாணவர் விடுமுறையிலே எங்கே போவார்கள்? அத்தகைய தீங்கு நேராதபடி நாம் இடைவிடாது மன்றாடுவோமாக.”

யாவரும் கைதட்டினார்கள். பின்னர் கடல் கடந்த நாட்டு அன்பர்கள் அனுப்பிய உடுப்புப் பொதி அவிழ்க்கப்பட்டது. அதிலிருந்து எடுத்த கம்பளிக் கோட்டு ஒன்றை, பனி என்பதையே காணாத தீவின் ஆவணி வெயிலிலே, ஏரம்புவுக்கு அதிபர் தம் திருக்கரத்தால் அணிவித்தார். கோட்டு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. வியர்வை ஆறாகப் பெருகியது. படம்பிடிப்பவர், “இன்னும் கொஞ்சம் துக்கமாய்ப் பாருங்கோ,” என்றார்.

ஏரம்பு வீதியைப் பார்த்தார். துக்கம் தானாகவே வந்தது. அனலைதீவு வள்ளத்தில் வந்திறங்கிய தியாகலிங்கமும், அவர் மனைவி இலட்சுமிப்பிள்ளையும், மகன் சோமநாதனும், படலையைத் தேடும் வேலையின்றி, வேலியிருந்த வெளியினூடாக நேரே உள்ளே வந்துகொண்டிருந்தார்கள்.

“ஆகா! இன்னும் ஏழைகள் வருகிறார்களே!” என்று மகிழ்ந்தார் அதிபர்.

ஏரம்பு வாயைத் திறந்தார். கம்பளியின் கழுத்துப்பட்டி வாயை மூடியது. அதற்குள் யாக்கோப்பு மாஸ்ரர் வெள்ளைச் சேட்டு அணிந்த சோமநாதனைக் கண்டு, “ஏன் பிந்தி வந்தாய்? தொண்டர் பதக்கம் எங்கே? போய் அந்த வாங்குகளைப் பஸ்ஸில் ஏற்று!” என்று முழங்கினார். சோமநாதன் தகப்பனைப் பார்த்தான். தகப்பன் கண்ணைக் காட்டினார். கொழும்பிலே எழுதுவினைஞராயிருக்கும் அந்த இளைஞன் நீள இருக்கை வாங்கொன்றைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தான். குசினி யன்னலுக்குள்ளே அக்கிழமை முழுவதிலும் கேளாத ஒரு சிரிப்புக் கேட்டது.

அதிபர் பொதியிலிருந்து இரண்டாவது கோட்டை எடுத்துத் தியாகலிங்கத்தின்முன் விரித்தார். பட்டுச் சால்வையோடு சம்பந்தம் பேச வந்த மனிதர்! ஏரம்பு கண்ணை மூடிக்கொண்டார். மகளின் “ஓம் அப்பா” அவர் காதிலே ஒருமுறை ஒலித்து அடங்கியது.

கண்ணைத் திறந்தபோது, தியாகலிங்கம் சால்வையை மடித்து மனைவியிடம் கொடுத்துவிட்டு, முதலில் இடது கையை, பின் வலது கையை, சிறிதும் தடுமாறாது கோட்டினுள்ளே செலுத்திக்கொண்டிருந்தார். பொத்தானைப் போட்டார். அதிபருக்குக் கும்பிடு போட்டார். படம்பிடிப்பவரை நோக்கி, ஒருவரும் சொல்லாமலே, துக்கமாகப் பார்த்தார்.

பஸ் போயிற்று. கொடியும் மணியும் கீதமும் போயின. இரண்டு கம்பளிக் கோட்டுகள் வேப்பமரத்தின்கீழ் ஒன்றையொன்று பார்த்து நின்றன.

“சம்பந்தி...” என்று தொடங்கிய ஏரம்பு, அந்த உறவைச் சொல்லும் உரிமை இன்னும் தமக்கு உண்டோ என்று தயங்கி நின்றார். “ஐயா, நான் ஏழையில்லை. விதானையார்தான்...”

“தெரியும், தெரியும்,” என்று தியாகலிங்கம் கோட்டைக் கழற்றினார். “இது எனக்கு ரெண்டாவது. போன சித்திரை விடுமுறைக்கு அனலைதீவிலை நான்தான் ஏழை. அது வேறை கல்லூரி, கோட்டு இதே மாதிரித்தான். அதைப் பட்டிப்பொங்கலுக்கு எங்கட எருதுக்குப் போடுவம் எண்டு வைச்சிருக்கிறன். உங்களுக்கு என்னத்தைப் பிரிச்சவை?”

“வேலி.”

“எனக்குக் கிணத்துக்கட்டு. நல்ல கட்டு. இப்ப ஆடு விழாமல் ஒராள் காவல் இருக்க வேண்டியிருக்கு.”

“எங்கட வளவைக் கண்டு நீங்கள் ஒண்டும் பிழையாய் நினைக்கேல்லையோ?”

இலட்சுமிப்பிள்ளை சிரித்தாள். “பிழையோ? வீதியிலை நிண்டு வேலி இல்லாததையும் பலகையையும் கண்டவுடனை இவர் எனக்குச் சொன்னவர்: ‘இனி ஒண்டும் விசாரிக்கத் தேவையில்லை. நல்ல தண்ணிக் கிணறு இருக்கு, பூட்டுற அறை இருக்கு, சமைக்கிற கை இருக்கு. இல்லாட்டிக் கல்லூரிக்காரர் ஏழையெண்டு தெரிஞ்செடுப்பினமோ?’ எண்டு.”

நாகபூஷணி தேநீர்த் தட்டோடு வந்தாள். சோமநாதன் தலைமயிரில் ஒட்டியிருந்த வாங்குத் தூசியைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தான். “வாங்கு எல்லாம் ஏத்தியாச்சோ?” என்று அவள் கேட்டாள். “ஒண்டு மிச்சம். அது உங்கட வீட்டு வாங்காம், அந்த மாஸ்ரர் அதையும் ஏத்தச் சொன்னவர், நான் ஒளிச்சுப்போட்டன்,” என்றான் அவன். பொம்பிளை பார்த்தல் என்னும் சடங்கு அவ்வளவோடு இனிது நிறைவேறியது.

அன்னபூரணம் பஞ்சாங்கத்தை எடுத்துவந்தாள். கார்த்திகையிலே ஒரு நாள் உண்டு, மார்கழி ஆகாது, தை பிறந்ததும் ஒரு திறமான முகூர்த்தம் இருந்தது. ஆயினும் தியாகலிங்கம் விரலால் அதைத் தடுத்தார்.

“நட்சத்திரம் கிடக்கட்டும் சம்பந்தி. அண்டைக்குப் பள்ளிக்கூடம் நடக்குமோ?”

ஏரம்பு கணக்குப் பார்த்தார். விடுமுறை அதற்கு முந்திய கிழமையே முடிந்துவிடும்.

“நடக்கும்.”

“அப்ப அதுதான் சுபமுகூர்த்தம்,” என்றார் தியாகலிங்கம்.